இங்கிலீஷ் பரீட்சைக்காகக் காத்திருந்த கருமாதி

பாப்பா,

செய்தி வந்தது காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு. இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், நேரத்தை எழுதி வைத்ததே நான்தான். சிமென்ட் ஆலைக் கண்ட்ரோல் ரூமில் எந்தத் தகவல் வந்தாலும் நேரம் போட்டு லாக் புத்தகத்தில் எழுதுவது எங்கள் வழக்கம். இத்தனை வருடத்தில் கை தானாக எழுதப் பழகிவிட்டது. வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார்கள். ஜவுளிக்கடை வேலையில் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். ரிசீவரை வைத்தேன். சூளையின் வெப்பம் எழுதியிருந்த வரிக்குக் கீழே நேரத்தைப் போட்டு, 'டைம் ஆபீஸ் தகவல், மனைவி காலமானார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த ஆளை வரவழைத்து உட்காரவைத்து, எந்த மோட்டார் சூடாகிறது, எதன் மேல் கண் வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இந்தக் கதை ஆலைக்கேட்டைத் தாண்டி, நான் வீடு வந்து சேர்வதற்குள் நம் சொந்தத்துக்குள் பரவிவிட்டது. 'பொண்டாட்டி செத்த சேதியக் கேட்டு நோட்டுல எழுதுனானாம்' என்று உன் அத்தை என் காதுபடவே சொன்னாள். உண்மைதான். நான் மறுக்கவும் இல்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அன்றைக்கு எனக்குள் எங்கோ ஒரு ஒயர் கழன்றது, இன்னும் மாட்டவில்லை. அழாதவனுக்கு வலி இல்லை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நீயும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நாளைக் காலையில் உன் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கப் பெரம்பலூர் வந்தபோது, உன் சித்தி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி நீ சொன்னாய். "இங்கிலீஷ்ல போயிடுச்சுன்னா எல்லாரும் உங்களத்தாம்ப்பா பேசுவாங்க." அரியலூர் பஸ் கிளம்புகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வழி முழுக்க, ஓட்டுநர் குன்னத்தில் நிறுத்தி டீ குடித்த நேரத்திலும், அதற்கான பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். பால் தெளித்த அன்று பந்தலில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து, பதினாறாம் நாள் கருமாதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். நீ டீ தம்ளர் தட்டோடு அங்கேயே நின்றாய். தேதி உன் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பெரியப்பா அன்று மாலையே அச்சகத்துக்குப் போய், உன் அம்மா படம் போட்டுப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பிறகுதான், சோறு போட்டுக்கொண்டே நீ சொன்னாய். "அன்னிக்குத்தாம்ப்பா இங்கிலீஷ்." குறை சொல்கிற குரலில்கூடச் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது என்பதுபோலச் சொன்னாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பதினேழு வயதில் நீ விட்டுக்கொடுக்கப் பழகிவிட்டாய் என்று தெரிந்தது.

பழக்கியது நாங்கள்தான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருத்தியும் உன் தாடையைப் பிடித்து ஒரே வசனத்தைச் சொன்னாள். "இனிமே நீதான்டி இந்த வூட்டுக்கு அம்மா." தா.பழூரிலிருந்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள், ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கும் ஒரு வசனம் வைத்திருந்தார்கள். நாற்பது எல்லாம் ஒரு வயசா, வருஷம் திரும்புவதற்குள் ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று. ஆளை மாற்றி ஊரை மாற்றி எந்தச் சாவுக்கும் பொருந்துகிற பேச்சு. நீ உனக்கான வசனத்துக்கு மண்டையை ஆட்டிக்கொண்டு நின்றாய். உன் அத்தை சமையல்கட்டில் எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று உனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் உன் கையிலிருந்த கரண்டியை வாங்கினேன். "அவ அம்மா இல்லக்கா. பரீட்சை எழுதப்போற புள்ள. சோறு நான் ஆக்குறேன்" என்றேன். அன்றைக்கு நான் வைத்த சாம்பாரை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று உன் அத்தை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நாய்க்கும் பழகும்.

உன்னைப் படிக்கவைக்கும் வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது. அதுவரை அது உன் அம்மாவின் வேலை. ஆங்கிலத்தில் அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. கடையிலிருந்து வந்து காலைக் கழுவியதும் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு, நீ ஒப்பிக்க ஒப்பிக்க வரிக்கு வரி விரலை ஓட்டுவாள். நீ ஒரு வார்த்தையை விழுங்கினால் விரல் நின்றுவிடும். உங்கள் இங்கிலீஷ் மிஸ், பாஸ் ஆவதே கஷ்டம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் 'காமன் பாரா' என்று ஒன்று கொடுத்திருந்தார். எந்தக் கேள்வி வந்தாலும் பாடத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் மட்டும் மாற்றிப் போட்டு எழுதிவிட்டு வரலாம். ஆசிரியர் அழகாகச் சொல்கிறார், வாழ்க்கைக்குத் தேவையான கருத்து இருக்கிறது, படித்து நாம் பயன்பெற வேண்டும் என்று போகும். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நீ சொல்வாய். மிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும் அவருக்கு.

ஆனால் கைடை வாங்கி நான் உட்கார்ந்தபோது எனக்கு அது ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு அலாரம் அடித்தால் அதற்குக் காரணம் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் பதினான்கு வரிப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? மழை வரப்போகிறது என்று தெரிந்தும், ஈரத்துணியைக் கொண்டுபோய்க் கொடியில் போடுகிற பெண்ணைப் பற்றியது. டிக்‌ஷனரியை வைத்து வார்த்தை வார்த்தையாகப் பிரித்தேன். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஆலையில் போடுவதுபோலவே கட்டம் போட்டேன். ஒரு கட்டத்தில் மேகம், ஒரு கட்டத்தில் துணி, அம்புக்குறி, கடைசிக் கட்டத்தில் 'நனையும்'. நீ பார்த்துவிட்டு, "இது கவிதைப்பா, கன்வேயர் பெல்ட் இல்ல" என்றாய். உன் அம்மா போனதற்குப் பிறகு நீ கிண்டல் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. விடவில்லை. இந்தக் கட்டம் உதைக்கிறதே, நனையும் என்று தெரிந்த துணியை எதற்குப் போடுகிறாள் என்று கேட்டேன். நம்பிக்கை என்று கைடில் போட்டிருக்கிறது என்றாய். கைடை மூடச் சொன்னேன். நீ சொல் என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு சொன்னாய். "அம்மாவும் அப்படித்தானப்பா. லாரி போற நேரம், சுண்ணாம்புத் தூசி வந்து அப்பும்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் போடும். அப்புறம் கொடியில இருந்து எடுத்து ஒவ்வொண்ணையும் செவுத்துல அடிச்சு ஒதறும். அது நம்பிக்கை இல்லப்பா, கோவம். நீ என்ன வேணா செஞ்சுக்க, நான் துணி காயப் போடத்தான் செய்வேன்னு ஒரு கோவம்."

பாப்பா, உன் அம்மாவோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்தேன். அந்தத் துணி உதறுகிற சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். அது என்ன சத்தம் என்று அன்றைக்கு நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இதையே எழுது என்றேன். நீ பயந்தாய். சொந்தமாக எழுதினால் மார்க் வராது, திருத்துகிறவர்கள் கையில் கீ ஆன்ஸர் இருக்கும், அதில் நம்பிக்கை என்றுதான் இருக்கும் என்று மிஸ் சொல்லியிருப்பதாகச் சொன்னாய். இங்கிலீஷில் போனால் மொத்தமும் போச்சே அப்பா என்றாய். எழுது என்று நான் மறுபடி சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மற்ற பாடங்களையும் அப்படித்தான் படித்தோம். நீ கதையைச் சொல்வாய், நான் ஏன் ஏன் என்று கேட்பேன். நீ எரிச்சலில், தெரிந்த இங்கிலீஷிலேயே பதில் சொல்வாய். அந்த எரிச்சல்தான் உன் இங்கிலீஷ்.

பரீட்சை எழுதுவது என்பது முடிவானது அந்தத் துணிப் பாட்டைப் படித்ததற்கு அடுத்த நாள். உன் பெரியப்பாவிடம் போய், கருமாதியை உன் பரீட்சை முடிந்து மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். உச்சிக்கு முன்னால் முடிக்க வேண்டிய காரியம், பத்திரிகையில் நேரம் போட்டாயிற்று, பெண் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடித்துணியோடு விடிகாலையிலேயே கிளம்பி வருவார்கள், அவர்களை வெயிலில் காயவிடுவதா என்றார். ஒரே பிள்ளை நீ, நீ இல்லாமலும் செய்ய முடியாது என்றார். அது வரைக்கும் அவர் சொன்னது சரி. நீ இல்லாமல் செய்ய எனக்கும் மனம் இல்லை. கடைசியாகத்தான் அதைச் சொன்னார். "பரீட்சைய ஜூன்லகூட எழுதிக்கலாம்டா. ஆத்தாளுக்குக் கருமாதி மறுபடி வருமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுசாக இல்லை. ஆனால் ஜூன் என்ற வார்த்தை கேட்டதும் எனக்கு அக்டோபர் ஞாபகம் வந்தது. உன் அம்மா பத்தாவதில் இங்கிலீஷில் போனவள். அந்தக் காலத்தில் மறுபடி எழுத அக்டோபரில் விடுவார்கள். அக்டோபரில் எழுதிக்கொள்ளலாம் என்று அவள் வீட்டிலும் சொன்னார்கள். அவள் பிறந்த தா.பழூரில் அக்டோபர் என்றால் சம்பா நடவு. கூலிக்கு ஆள் தேவைப்பட்ட நேரம், அவளும் வயலில் இறங்கினாள். அடுத்த அக்டோபரும் நடவுதான். அப்புறம் கல்யாணப் பேச்சு, அப்புறம் நான், அப்புறம் நீ. தலைகாட்டாமலே போன அந்த அக்டோபரை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் குறையாகச் சொல்லவில்லை. நீ சோறு போட்டுக்கொண்டே சொன்னாயே, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

நான் பெரியப்பாவை எதிர்த்து நின்றதே கிடையாது. என்னை டிப்ளமோ படிக்கவைத்தவர் அவர். ஆனாலும் சொன்னேன். "கொள்ளி வச்சது நான்ண்ணே. நான் வந்து ஒக்காந்தாதான் கருமாதி. எம்புள்ள எழுதி முடிச்சாதான் நான் வருவேன்." ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அண்ணி மட்டும் வாசல்வரை வந்து, நல்லா எழுதச் சொல்லு என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினாறாம் நாள் உன்னைப் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். மழிக்காத தாடி, கசங்கிய வேட்டி. மற்ற பெற்றோர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். நீ உள்ளே என்ன எழுதிக்கொண்டிருந்தாயோ தெரியாது. வெளியே எனக்கு ஒவ்வொரு நிமிடமும் கருமாதிக்காக ஏரிக்கரையில் வெயிலில் நிற்கும் ஜனங்கள்தான் கண்ணில் வந்தார்கள். நான் செய்தது சரியா என்று அப்போது எனக்கே சந்தேகம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில்தான் உன் தாய்மாமன் பைக்கில் வந்து இறங்கினான். கோடித்துணி கொண்டுவந்த பிறந்த வீட்டுக்காரன், அவமானம் என்றால் முதல் அவமானம் அவனுக்குத்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று எழுந்து நின்றேன்.

அவன் பக்கத்தில் வந்து குந்தினான். ஏரிக்கரையில் எல்லோரும் நிழல் தேடிக்கொண்டு அலைகிறார்கள், உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரை, பசி தாங்காது என்று வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன், அதையும் திட்டிக்கொண்டேதான் தின்றார் என்றான். அப்புறம் கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்காவுக்கு அக்டோபர் வரவேயில்ல மச்சான். பரீட்சை அன்னிக்கு அது நாத்துக்கட்டு தூக்கிக்கிட்டு முன்னால போச்சு. நான் சின்னப் பய, பின்னாலயே போனேன். திரும்பிக்கூட பாக்கல." எழுந்து வண்டியை உதைத்தான். "நான் போயி அவங்களப் புடிச்சு வைக்கிறேன். புள்ள முழுசா எழுதிட்டு வரட்டும். சீக்கிரம் வரச் சொல்லி யாரையும் உள்ள அனுப்பிடாதீங்க." இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. உன் மாமனும் சொல்லியிருக்க மாட்டான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பரீட்சைக்காக உன் அம்மாவின் பிறந்த வீடு வெயிலில் நின்றது என்று நீ மருகுகிறாய். நின்றார்கள், உண்மை. வேண்டுமென்றேதான் நின்றார்கள்.

கடைசிக் கும்பலோடு நீ வெளியே வந்தாய். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்து, ரயில்வே கேட் தாண்டியதும் நீயாகவே என் முதுகில் சொன்னாய். "துணி பாட்டு வந்துச்சுப்பா. கோவம்னுதான் எழுதிட்டு வந்தேன். காமன் பாரா எழுதல." எனக்கு வண்டியை நிறுத்த வேண்டும்போல இருந்தது. நிறுத்தவில்லை, ஜனம் காத்திருந்தது. ஏரிக்கரையில் சேலை மாற்றிக்கொண்டு வா என்று உன் அத்தை சொன்னாள். மாமன், அப்படியே இருக்கட்டும் என்றான். பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே நீ உன் அம்மாவுக்குத் தண்ணீர் விட்டாய். மை ஒட்டிய விரல். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. அத்தனை நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

அன்று பந்தியில் கை கழுவும்போது உன் பெரியப்பா, "எல்லாரையும் வெயில்ல காயப்போட்டாச்சு. ரிசல்ட் வரட்டும், பாப்போம்" என்றார். அன்றிலிருந்து நம் சொந்தத்தில் ஆளாளுக்கு இதே பேச்சுதான். நீ பெரம்பலூருக்கு ஓடியதும் இந்தப் பேச்சுக்குத்தான். இதற்குத்தான் என் பதில்.

ரிசல்ட் தீர்ப்பு இல்லை பாப்பா. நீ பாஸ் என்றால் நான் செய்தது சரியாகிவிடாது, நீ ஃபெயில் என்றால் அது தப்பாகிவிடாது. நீ உள்ளே போய் உட்கார்ந்து, உன் அம்மாவைப் பற்றி யாரும் சொல்லாததை, யாரும் கேட்டுக்கொள்ளாமல், இரவல் இங்கிலீஷ் இல்லாமல் எழுதிவிட்டு வந்தாய். யாரோ ஒருவர் சிவப்பு மையில் அதை அடித்திருந்தாலும் அவர் படித்துவிட்டுத்தான் அடித்திருப்பார். இங்கிலீஷில் போயிருந்தால் ஜூனில் எழுது. இந்த ஜூனில். அன்றைக்கு யாருக்குக் காதுகுத்தானாலும், யார் வீட்டில் எழவு விழுந்தாலும், ஷிஃப்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு அதே புங்க மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன். மறுபடி அந்தப் பாட்டே வந்தால் கோபம் என்றே எழுது. அதற்கும் அடித்தால் இன்னொரு தடவை எழுது. உன்னைக் கரண்டியோடு நிற்கவைக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். நீ இந்த வீட்டுக்கு அம்மா இல்லை. அம்மா இருந்தாள், போய்விட்டாள். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நீ உன் இடத்தில் இரு.

பள்ளிக்கூடத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம், மார்க் காலையில் எனக்குத்தான் மெசேஜாக வரும். எத்தனை மணிக்கு வரும் என்று பெரியப்பா இன்றைக்கே இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார், அத்தை ஒரு தடவை. நாளைக்கு வரிசையில் நிற்பார்கள். உன் மார்க்கை உனக்கு முன்னால் நான் பார்க்கப் போவதில்லை, வேறு யாரும் என் மூலமாகக் கேட்கப் போவதும் இல்லை. உன் சித்தியின் போனில் நீயே நம்பர் போட்டுப் பார். முதல் பஸ்ஸில் நான் பெரம்பலூர் வருகிறேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அப்போது சொல். தோன்றாவிட்டால் இட்லி சாப்பிடப் போகலாம்.

இதுவரை எழுதிய தாள்களைப் படம் பிடித்து, நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்போதுதான் போட்டேன். உன் சித்தியின் போனில் நீயும் இன்றைக்கே படித்துவிடுவாய், இந்தக் கடைசித் தாளை மட்டும் நாளை கையில் தருகிறேன். எல்லாரும் படிக்கட்டும், பெரியப்பாவும்தான். பதில்கள் வந்து விழ ஆரம்பித்தன. ஒன்றையும் திறக்கவில்லை. போனை அணைத்துவிட்டேன்.